சுகர் இருக்கும் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் செய்யலாமா?

உங்கள் அம்மாவுக்கு வயது 58. பன்னிரண்டு வருடமாகச் சுகர். மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 9.2. இந்த வருடத்தில் மூன்று தடவை வலது விலாவுக்குக் கீழே கடுமையான வலி வந்திருக்கிறது. ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பை நிறைய கல். சர்ஜன் சீக்கிரம் எடுத்துவிடலாம் என்கிறார், சுகர் டாக்டர் முதலில் சுகர் குறையட்டும் என்கிறார், வீட்டுப் பெரியவர்களோ சுகர் உடம்பில் கத்தி வைத்தால் புண்ணே ஆறாது என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் தலைமாட்டில் நிற்பவர்கள் நாங்கள். சுகரோடு பித்தப்பை ஆபரேஷனுக்கு வருகிறவர்களை இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறேன். ஒரு விதம், தேதி குறித்து, தயார் செய்து, காலையில் நடந்து வருகிறவர்கள். இன்னொரு விதம், ஆறு மாதம் தள்ளிப்போட்டு, காய்ச்சலோடும் 400 சுகரோடும் நள்ளிரவில் ஸ்ட்ரெச்சரில் வருகிறவர்கள். இருவருக்கும் செய்வது ஒரே ஆபரேஷன்தான். ஆனால் ஆபத்து ஒன்றல்ல. அதனால் என் பதில் இது: அம்மாவுக்குப் பித்தப்பையை எடுக்கத்தான் வேண்டும். இன்றைக்கே ஓட வேண்டியதில்லை, வருடக்கணக்கில் தள்ளவும் கூடாது. நான்கு முதல் ஆறு வாரம் எடுத்துக்கொண்டு சுகரைச் சீராக்கி, தேதி குறித்துச் செய்யுங்கள். இரண்டு டாக்டர்களும் சொல்வது சரிதான். இருவரும் ஒருவரோடொருவர் பேசாததுதான் உங்கள் குழப்பம்.

இதில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, கல் இருப்பதும் கல் தொந்தரவு கொடுப்பதும் வேறு வேறு என்பதை. வேறு எதற்கோ வயிற்று ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரிகிற கற்கள் ஏராளம். அப்படி அமைதியாக இருக்கும் கல் ஒரு வருடத்தில் தொந்தரவாக மாறும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரைதான். சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாவிட்டாலும் பித்தப்பையை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். சுகர்காரர்களுக்குப் பித்தப்பை அழற்சி வந்தால் பிழைப்பது கடினம் என்ற அனுபவத்திலிருந்து வந்த பாடம் அது. 1980களில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அமைதியான கல்லுக்காக எல்லோரையும் அறுப்பதில் நன்மை இல்லை என்று தெரிந்து அந்த வழக்கம் கைவிடப்பட்டது. ஆகவே இதைப் படிக்கிற வேறு யாருக்காவது சுகரும் இருந்து, வலியில்லாத கல்லும் இருந்தால், சுகர் என்ற ஒரே காரணத்துக்காக ஆபரேஷனுக்கு அவசரப்பட வேண்டாம். கல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, பித்தப்பைச் சுவரில் பத்து மில்லிமீட்டருக்கு மேல் பாலிப் என்ற சதை வளர்ச்சி இருந்தாலோ, சுவரே சுண்ணாம்பு படிந்து கெட்டியாகியிருந்தாலோ கதை வேறு. அங்கே புற்றுநோய் பற்றிய யோசனையும் சேர்ந்துகொள்கிறது.

உங்கள் அம்மாவின் கல் அமைதியாக இல்லை. ஒரு தடவை வலி கொடுத்த கல் பெரும்பாலும் மறுபடியும் கொடுக்கும். மூன்று தடவை கொடுத்த கல் நான்காவது தடவை வலியோடு நின்றுவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அது பித்தப்பையின் வாயை அடைத்தால் அழற்சி. கீழே நழுவிப் பித்தக்குழாயில் சிக்கினால் மஞ்சள் காமாலை. இன்னும் கீழே இறங்கிக் கணையத்தின் வாயை அடைத்தால் கணைய அழற்சி. ஏற்கெனவே இன்சுலின் போதாத உடம்பில் கணையம் வீங்குவது எப்படிப்பட்ட சோதனை என்று நான் விளக்கத் தேவையில்லை.

சுகர் இருப்பவர்களுக்கு இந்தக் கல் தொந்தரவு ஏன் கொஞ்சம் மாறுபட்டு நடக்கிறது என்பதையும் சொல்கிறேன். நீண்ட நாள் சுகர் கால் நரம்புகளை மரத்துப்போக வைப்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளுறுப்புகளின் நரம்புகளையும் அதே மாதிரி பாதிக்கிறது. சாப்பிட்டதும் சுருங்கிப் பித்தத்தைப் பிழிந்து விட வேண்டிய பித்தப்பை சோம்பலாகிறது. தேங்கிய பித்தத்தில் கல் சேர்கிறது. உடல் எடையும் இன்சுலின் எதிர்ப்பும் அதோடு சேர்ந்து வேலை செய்கின்றன. அதைவிட முக்கியமானது, வலி மழுங்கிவிடுவது. மற்றவர் துடிக்கிற நிலையில் இவர்கள் "லேசா வயிறு மந்தமா இருக்கு, ரெண்டு நாளா சாப்பிடப் பிடிக்கல" என்பார்கள். உள்ளே பித்தப்பைச் சுவருக்கு ரத்தம் கொண்டுபோகும் சின்னக் குழாய்களும் சுகரால் ஏற்கெனவே குறுகியிருப்பதால், வீக்கம் வந்ததும் சுவர் சீக்கிரம் அழுகத் தொடங்கும். அரிதாக, வாயு உண்டாக்கும் கிருமிகள் புகுந்து பித்தப்பைச் சுவருக்குள்ளேயே காற்றுக் குமிழ்கள் தெரியும் நிலை வரும். சி.டி. ஸ்கேனில் பார்த்தால் தவறவே முடியாது. அந்த வகை அழற்சி வருகிறவர்களில் பெரும் பங்கு சுகர் உள்ளவர்கள்தான். அதில் உயிர்ச்சேதமும் சாதாரண அழற்சியைவிடப் பல மடங்கு அதிகம். இதற்காகத்தான் தள்ளிப்போட வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, ஆபரேஷனின் ஆபத்துக்கு வருவோம். பித்தப்பையை முதன்முதலில் வெற்றிகரமாக எடுத்தது 1882இல், பெர்லினில், கார்ல் லாங்கென்பூக் என்ற சர்ஜன். நூறு வருடம் வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள். 1985இல் அதே ஜெர்மனியில் எரிக் மூயெ லேப்ராஸ்கோப்பி மூலம் எடுத்துக் காட்டினார். இன்று வழக்கமாக நான்கு சின்னத் துளைகள் போட்டு, வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் உப்பவைத்து, கேமராவில் பார்த்துச் செய்கிறார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேர வேலை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீடு.

தேதி குறித்துச் செய்யும்போது உயிராபத்து மிகக் குறைவு, ஆயிரத்தில் ஓரிருவர் என்ற அளவில். வயது கூடும்போதும் இதயம், சிறுநீரகம் கெட்டிருக்கும்போதும் அது கூடும். சர்ஜன்கள் உள்ளூரப் பயப்படுவது பித்தக்குழாயில் படும் காயத்துக்கு. ஆயிரம் ஆபரேஷனில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நடக்கிறது. நடந்துவிட்டால் நீண்ட சிகிச்சை. அழற்சி வந்து எல்லாம் ஒட்டிப்போன பித்தப்பையில் எது குழாய், எது ரத்தநாளம் என்று பிரித்தறிவது கஷ்டம். அந்த மாதிரி நேரத்தில் நல்ல சர்ஜன் பிடிவாதம் பிடிக்க மாட்டார். வயிற்றைத் திறப்பார், அல்லது பித்தப்பையின் அடிப்பகுதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுப்பார். உறவினர்கள் இதைத் தோல்வி என்று நினைத்து வருத்தப்படுகிறார்கள், சிலர் சண்டைக்கும் வருகிறார்கள். என் பார்வையில் அது உயிரைக் காப்பாற்றிய முடிவு. சம்மதப் படிவத்தில் "தேவைப்பட்டால் திறந்து செய்யப்படும்" என்ற வரி இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதை அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இனி சுகர் சேர்வதால் கூடுவது என்ன? உறவினர்கள் புண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். நான் இதயத்தைப் பற்றிக் கவலைப்படுகிறேன். பன்னிரண்டு வருடச் சுகரில் இதய ரத்தக்குழாய் அடைப்பு வலியே இல்லாமல் இருக்கலாம். நெஞ்சுவலி வந்ததே இல்லை என்பது இவர்கள் விஷயத்தில் ஆறுதலான செய்தி அல்ல. "மாடிப்படி இரண்டு தளம் ஏறினால் மூச்சு வாங்குகிறதா?" என்று நாங்கள் கேட்பது அதற்காகத்தான். ஈ.சி.ஜி. கட்டாயம், தேவையென்று பட்டால் இதயத்துக்கான ஸ்கேனான எக்கோவும். அடுத்தது சிறுநீரகம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் வலிக்கு எந்த ஊசியும் போட்டுக்கொள்ளக் கூடாது. டைக்ளோஃபெனாக் மாதிரி ஊசிகள் ஏற்கெனவே களைத்த சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். வலி வந்தபோதெல்லாம் தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டாரா என்று அம்மாவிடம் கேட்டு, எங்களிடம் சொல்லுங்கள்.

எச்பிஏ1சி எவ்வளவுக்கு வர வேண்டும்? திட்டமிட்ட ஆபரேஷனுக்கு 8க்குக் கீழே என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்கிறது. பிரிட்டனில் 8.5 வரை ஏற்கிறார்கள். ஆனால் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். அது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் நிழல். இன்று சுகரைச் சரி செய்தாலும் அந்த எண் மெதுவாகத்தான் இறங்கும். ரத்தச்சோகை இருந்தால் அந்த எண்ணே தப்பாகக் காட்டலாம். நான் கேட்பது, கடைசி இரண்டு வாரம் வீட்டில் குளுக்கோமீட்டரில் எடுத்த அளவுகளை. வெறும் வயிற்றில் 130 பக்கமும், சாப்பிட்ட பின் 180 பக்கமும் நின்றுவிட்டால் எனக்குப் போதும். ஒரு மாதத்துக்கு மட்டும் இன்சுலின் போடச் சொன்னால் மறுக்காதீர்கள். "இன்சுலின் ஆரம்பித்தால் விடவே முடியாது" என்ற பயத்தால் இந்தக் கட்டத்தில் காலம் கடத்தியவர்கள் நிறைய. ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறியதும் பலருக்கு மறுபடி மாத்திரைக்கே மாற்றிவிடலாம்.

ஆபரேஷன் அன்று சுகரை 100க்கும் 180க்கும் நடுவில் வைத்துக்கொள்ளப் பார்ப்போம். வெறும் வயிற்றில் இருக்கிறாரே, எப்படி ஏறும் என்று கேட்பார்கள். அறுவையின் அதிர்ச்சியில் உடம்பு தானே கார்ட்டிசோல், அட்ரினலின் எல்லாவற்றையும் கொட்டுகிறது. சாப்பிடாமலே சுகர் ஏறும். வாந்தி வராமலிருக்க நாங்கள் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் ஊசியும் ஏற்றும். ஆனால் எனக்கு ஏறுவதைவிட இறங்குவதில்தான் பயம். விழித்திருப்பவருக்குச் சுகர் இறங்கினால் வியர்க்கும், படபடக்கும், சொல்லிவிடுவார். மயக்கத்தில் இருப்பவர் எதையும் சொல்ல மாட்டார். அதனால் மணிக்கொரு தடவை விரல் நுனியில் குத்திப் பார்த்துக்கொண்டே இருப்போம். ஆபரேஷனை அன்றைய பட்டியலில் முதலாவதாகப் போடச் சொல்லுங்கள். பட்டினி நேரம் குறையும், சுகரும் ஆட்டம் போடாது.

மாத்திரை விஷயம் தனியாகப் பேச வேண்டியது. மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு போன்றவற்றை அன்று காலை நிறுத்தினால் போதும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் என்று பெயர் முடியும் மாத்திரைகள் அப்படியல்ல. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் வகை இவை. ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் பட்டினி போட்டு ஆபரேஷன் செய்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும், ஆனால் சுகர் அளவு 160, 180 என்று நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். நான் பார்த்த ஒரு பெண்மணிக்கு ஆபரேஷன் அருமையாக முடிந்தது. மறுநாள் வாந்தி, மேல்மூச்சு. சுகர் 170. எல்லோரும் வாயுத் தொந்தரவு என்றே நினைத்தோம். மாலையில் கீட்டோன் பார்த்தபோதுதான் புரிந்தது. மூன்று நாள் ஐ.சி.யு.வில் இருந்து பிழைத்தார். அவர் சாப்பிட்ட மாத்திரை இரண்டு மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருந்த இரண்டாவது பெயரை யாரும் படிக்கவில்லை, நான் உட்பட. அன்றிலிருந்து மாத்திரைச் சீட்டை மட்டும் பார்ப்பதில்லை, அட்டையையே கொண்டுவரச் சொல்கிறேன். நீங்களும் அம்மாவின் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

வாரம் ஒரு தடவை போடும் எடை குறைப்பு ஊசிகளும் இப்போது நம் ஊரில் பரவிவிட்டன. செமாகுளுடைடு, டிர்செபடைடு வகை. இவை வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. எட்டு மணி நேரப் பட்டினிக்குப் பிறகும் வயிற்றில் சோறு இருந்தால், மயக்கம் கொடுக்கும்போது அது நுரையீரலுக்குப் போகலாம். ஊசி போடுகிறவர் என்றால் ஆபரேஷனுக்கு முன் நடக்கும் நேர்காணலிலேயே எங்களிடம் சொல்லிவிட வேண்டும். அப்புறம் இன்னொன்று, இந்த வகை மருந்துகளே பித்தப்பைத் தொந்தரவைச் சற்றுக் கூட்டுகின்றன. வேகமாக எடை குறைந்தாலும் கல் சேரும்.

இப்போது பெரியவர்கள் சொல்லும் "புண் ஆறாது". அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். பார்த்தது காலில். சுகர்காரரின் காலில் ரத்த ஓட்டம் குறைவு, உணர்ச்சி இல்லை, உடம்பின் பாரம் முழுக்க அதன் மேல். அதனால் ஆறுவதில்லை. வயிற்றுத் தோலுக்கு ரத்த ஓட்டம் தாராளம், துளையும் ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர். சுகர் கட்டுக்குள் இருந்தால் மற்றவர்களைப் போலவே ஆறும். கட்டுக்குள் இல்லாவிட்டால் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை, குறிப்பாகப் பித்தப்பையை வெளியே இழுக்கும் தொப்புள் துளையில். முதல் நாள் தொப்புளை நன்றாகச் சுத்தம் செய்துகொள்ளச் சொல்லுங்கள். இன்னொரு விஷயம், நம் நாட்டில் கவனிக்க வேண்டியது. புண் நன்றாக ஆறி, மூன்று நான்கு வாரம் கழித்துத் துளை இருந்த இடத்தில் கெட்டியாகி நீர் கசிந்தால், அது காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தமான ஒரு வகைக் கிருமியாக இருக்கலாம். சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத கருவிகளிலிருந்து வருவது. சாதாரண ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் போகாது. சீழை எடுத்து அந்தக் கிருமிக்கான கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரையும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வாழைத்தண்டு வைத்தியம் சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படுவது. பித்தப்பைக் கல் வேறு பொருள், வேறு இடம். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்து மலத்தில் பச்சை உருண்டைகள் வந்ததைக் கல் என்று காட்டுவார்கள். அதைப் பரிசோதித்துப் பார்த்தபோது, குடித்த எண்ணெய் வயிற்றுக்குள் சோப்பாகத் திரண்ட உருண்டைகள் என்று 2005இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். கரைக்கும் மாத்திரை ஒன்று உண்டு, அர்சோடிஆக்சிகோலிக் அமிலம். சின்னக் கொலஸ்ட்ரால் கற்களில் மட்டும் வேலை செய்யும், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நிறுத்தினால் ஐந்து வருடத்தில் பாதிப் பேருக்குக் கல் திரும்பிவிடும். பித்தப்பை நிறைய கல் இருக்கும் அம்மாவுக்கு அது வழியல்ல.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நடக்கும் ஒரு தப்பு, அன்பினால் நடப்பது. கஞ்சி, ஜூஸ், குளுக்கோஸ் தண்ணீர், இளநீர் என்று வரிசையாகக் கொடுப்பார்கள். குழைந்த கஞ்சி சுகரை விறுவிறுவென்று ஏற்றும். இரண்டு இட்லி, சாம்பார், மோர், வேகவைத்த காய், முட்டையின் வெள்ளை என்று வழக்கமான சாப்பாட்டையே சின்னச் சின்ன அளவில் கொடுங்கள். எண்ணெயை ஒரு மாதம் குறையுங்கள். பித்தப்பை இல்லாவிட்டாலும் பித்தம் கல்லீரலில் சுரந்துகொண்டுதான் இருக்கும், சாப்பாடு செரிக்கும். சிலருக்குப் பித்தம் தொடர்ந்து குடலில் இறங்குவதால் வயிறு இளகிப் போகும், பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். மெட்ஃபார்மினும் இதையே செய்யும் என்பதால் எது காரணம் என்று தெரியாமல் தவிப்பார்கள். தொடர்ந்தால் இரண்டையும் டாக்டரிடம் சொல்லுங்கள், இரண்டுக்கும் வழி இருக்கிறது. பித்தப்பையை எடுத்தால் சுகர் போய்விடும் என்றோ, கூடிவிடும் என்றோ யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைசியாக, இந்த நான்கு ஆறு வாரத்துக்குள் கல் உங்கள் தேதிக்குக் காத்திருக்காமல் போகலாம். அழற்சி வந்துவிட்டால் "சுகர் 350 இருக்கிறது, அது இறங்கட்டும்" என்று வாரக்கணக்கில் காத்திருப்பது தலைகீழ் வைத்தியம். உள்ளே இருக்கும் சீழ்தான் சுகரை ஏற்றுகிறது. இன்சுலின் டிரிப் போட்டுச் சில மணி நேரத்தில் ஓரளவு இறக்கிவிட்டு, அதே அட்மிஷனில் எடுப்பதே நல்லது. ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஆற்றிவிட்டு ஒரு வாரம் முதல் ஒன்றரை மாதம் கழித்துச் செய்வதையும், உடனே செய்வதையும் ஜெர்மனியிலும் ஸ்லோவேனியாவிலும் 600க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டார்கள். உடனே செய்தவர்களில் சிக்கல் சுமார் 12 சதவீதம், தள்ளிப்போட்டவர்களில் 34. இதயமோ நுரையீரலோ தாங்காத நிலையில் இருப்பவர்களுக்கு, தோல் வழியாகக் குழாய் விட்டுச் சீழை வடிப்பதும் உண்டு. அது பாதுகாப்பான வழி என்று நாங்கள் வெகுநாள் நம்பினோம். 2018இல் நெதர்லாந்தில் ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளிடம் ஒப்பிட்டபோது, குழாய் விட்டவர்களில் 65 சதவீதத்தினருக்கும் ஆபரேஷன் செய்தவர்களில் 12 சதவீதத்தினருக்கும் பெரிய சிக்கல்கள் வந்தன. அதனால் குழாய் என்பது ஆபரேஷனைத் தாங்கவே முடியாதவர்களுக்கு மட்டும்.

எனவே இந்த வாரமே இரண்டு வேலை செய்யுங்கள். சர்ஜனிடம் தேதி வாங்கி, அந்தத் தேதியைச் சுகர் டாக்டரிடம் காட்டி, அதற்குள் சுகரை இறக்க மருந்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். அடுத்த தடவை வலி வந்தால் எந்த மணிக்கு ஆரம்பித்தது என்று எழுதிவையுங்கள். ஆறு மணி நேரம் தாண்டியும் விடவில்லை, குளிர் காய்ச்சல் வருகிறது, கண் மஞ்சளாகிறது, வாந்தி நிற்கவில்லை, அல்லது வலி லேசாக இருந்தும் காரணமே இல்லாமல் சுகர் 300ஐத் தாண்டுகிறது, இதில் எது நடந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். இரவே கிளம்பிவிடுங்கள். கிளம்பும்போது அந்த மாத்திரைப் பையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.